அந்தக் கையைச் சும்மா வைத்திருக்காதே

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. மார்பகப் புற்றுநோய்க்கான ரேடியேஷன் முடிந்துவிட்டது என்ற வரியை இரண்டு தடவை படித்தேன், அவ்வளவு சந்தோஷம். ஆனால் இடது கையால் ஒரு செம்புகூடத் தூக்க அத்தை விடுவதில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் கவலையாக இருக்கிறது. அவர்களுடைய அக்கறை புரிகிறது. இருந்தாலும் அசைக்காமல் வைத்தால் தோள் இறுகிவிடும்.

ஆபரேஷனில் அக்குளிலிருந்து எடுத்த நெறிகள், அதாவது நிணநீர் முடிச்சுகள்தான், கையின் திசுக்களிலிருந்து வரும் நிணநீருக்கு வடிகால். அவை குறைந்ததும், ரேடியேஷனால் தழும்பு இறுகியதும் சேர்ந்து நீரைத் தேக்கிக் கையை வீங்க வைக்கலாம். நிணநீரைத் தள்ள இதயம்போலத் தனி பம்பு கிடையாது. நாளங்கள் தாமே மெல்லச் சுருங்கும், தசை அசைவும் சேர்ந்துதான் அதை மேலே ஏற்றுகிறது. எடை தூக்கினால் வீங்கும் என்று முன்பு டாக்டர்களே தடுத்தார்கள். 2009-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வில், ஏற்கெனவே கை வீங்கியிருந்த பெண்களே கண்காணிப்போடு சிறுகச் சிறுக எடை கூட்டினார்கள். வீக்கம் கூடவில்லை, திடீரென்று மோசமாவதும் குறைந்தது. அத்தைக்கு இதைப் படித்துக் காட்டு.

முதலில் தோள். சுவரைப் பார்த்து ஒரு முழம் தள்ளி நின்று, பல்லி ஏறுவதுபோல விரல்களால் சுவரில் ஏறு. இழுக்கும் இடத்தில் நிறுத்தி, பத்து எண்ணி, மெல்ல இறக்கு. காலையும் மாலையும் பத்துப் பத்து தடவை. எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போட்டு வை. பலரும் தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு கை உயர்ந்துவிட்டதாக நினைப்பார்கள், அதைக் கண்ணாடியில் கவனி. இழுத்தால் பரவாயில்லை, குத்தினால் நிறுத்து. அக்குளிலிருந்து முழங்கைவரை கயிறுபோல ஒன்று தட்டுப்பட்டால் நோய் திரும்பிவிட்டதோ என்று பயந்துவிடாதே. ஆபரேஷனுக்குப் பின் பலருக்கும் வருவதுதான். பிசியோதெரபிஸ்டிடம் காட்டி நீட்டிக்கொண்டே வந்தால் சில மாதங்களில் பெரும்பாலும் போய்விடும்.

கை தடையில்லாமல் உயர்ந்ததும், சர்ஜனிடம் கேட்டுவிட்டு எடையை ஆரம்பி. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும், அரைக் கிலோதான். வாரத்தில் இரண்டு நாள். இரண்டு வாரம் கனமோ வீக்கமோ இல்லாவிட்டால் கால் கிலோ கூட்டு. நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால் பழைய எடைக்கே போகாதே, ஒரு படி இறங்கித் தொடங்கு.

மாதம் ஒருமுறை இஞ்ச் டேப்பால் இரண்டு கையையும் அள. மணிக்கட்டில் ஒன்று, அங்கிருந்து மேலே 10 செ.மீ.க்கு ஒன்று. எப்போதும் ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுது. புழங்கும் கை இயல்பாகவே கொஞ்சம் பருமனாக இருக்கும், அதனால் முதல் அளவு முக்கியம். ஏதாவது ஓர் இடத்தில் வித்தியாசம் 2 செ.மீ. கூடினால் உடனே காட்டு. டேப்புக்கு முன்னால் ரவிக்கைக் கையும் வளையலுமே இறுகிச் சொல்லிவிடும். வீக்கம் வருஷங்கள் கழித்தும் வரலாம், அதனால் நோட்டை மூட்டை கட்டிவிடாதே.

மீன் அலசும்போதும் செடி வெட்டும்போதும் கையுறை போடு. சின்ன வெட்டுக்கும் தாளிக்கும்போது தெறித்த கொப்புளத்துக்கும் உடனே கழுவி மருந்து வை. நெறி குறைந்த கையில் கிருமி வேகமாகப் பரவும். கை சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதே, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போ. இரத்தம் எடுக்க மற்றக் கையைக் கொடு. அவசரத்தில் இந்தக் கையில் ஊசி போட்டுவிட்டால் பதறவும் வேண்டாம்.

நோய் திரும்பாமலிருக்கக் கொடுத்த டாமாக்சிபென் 20 மி.கி. மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் போடு. உடம்பு குப்பென்று சூடாவதற்கோ மனச்சோர்வுக்கோ வேறு டாக்டர் பாராக்செட்டின், ஃப்ளூவாக்செட்டின் எழுதினால், டாமாக்சிபென் சாப்பிடுவதைச் சொல்லி மாற்று கேள். அவை இந்த மாத்திரை உடம்பில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கும். இந்த மாத்திரை சாப்பிடும்போது, மாதவிடாய் நின்ற உனக்கு இரத்தப்போக்கு கண்டாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ உடனே போ.

உடம்பு முழுவதும் நோயைத் தேடும் பெட் ஸ்கேன் பற்றிக் கேட்டிருந்தாய். தொந்தரவு எதுவும் இல்லாதபோது ஆறு மாதத்துக்கொரு தடவை அதற்குக் காசு கரைக்க வேண்டாம். வருஷம் ஒரு மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே), டாக்டர் சொன்ன நாளில் நேரில் காட்டுவதும்தான் தேவை.

முதல் அளவை எடுத்ததும் எனக்கு எழுது. சுவர்க்கோடு எவ்வளவு உயரம் என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
உன் தோழி