பாதிச் சமையலோடு கூப்பிடு

அன்புள்ள தம்பிக்கு,

கோடை முடியும்வரை வீட்டில் அடுப்பு பற்றவைப்பதாக இல்லை, யாரையும் சாப்பிடக் கூப்பிடுவதாகவும் இல்லை என்று எழுதியிருந்தாய். சமையலறைப் புழுக்கத்தைப் பற்றி நீ சொன்னதில் எனக்கு மறுபேச்சு இல்லை. வெயில் காலத்தில் அடுப்பு முன்னால் மணிக்கணக்கில் நிற்பது உடம்பை வாட்டுகிற வேலைதான். ஆனால் யாரையும் கூப்பிடுவதில்லை என்ற முடிவுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. உன்னைப் போலவே முடிவு செய்துவிட்டு, ஆளுக்கொரு பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கொரு மூலையில் சாப்பிடுகிற வீடுகள் நிறைய இருக்கின்றன. அதனால்தான் உனக்குச் சொல்ல வேண்டியதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சேர்ந்து சாப்பிடுவதற்கு ஆண்டிலேயே ஏற்ற காலம் கோடைதான் என்பேன். மாலை சீக்கிரம் இருட்டிவிடுவதில்லை. வெயில் தாழ்ந்ததும் யாருக்கும் அறைக்குள் அடைந்து கிடக்க மனம் வராது. பகலெல்லாம் பசியே எடுக்காமல் கிடந்த வயிறு, கொஞ்சம் காற்று வீசத் தொடங்கியதும் விழித்துக்கொள்ளும். பழங்கள் கனிந்து வாசனை ஏறி நிற்கும். அவற்றை வைத்துக்கொண்டு நாம் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இத்தனையும் கூடி வருகிற நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்வது பெரிய இழப்பு, தம்பி.

நீ ஏன் களைத்துப் போனாய் என்பது உன் கடிதத்திலேயே இருக்கிறது. ஆட்கள் வருகிறார்கள் என்றதும் உன் மனதில் ஓடியது குளிர்காலச் சமையல். நாலைந்து வகை, எல்லாம் ஒரே நேரத்தில் ஆவி பறக்க வந்து சேர வேண்டும், சமைப்பது நீ ஒருவன், சாப்பிட ஒரு கூட்டம். குளிர்காலத்தில் அடுப்படி அனலே ஒரு சுகம் என்பதால் அப்போது அது நடக்கும். கோடைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

முதலில் உடம்பு என்ன கேட்கிறது என்று பார். வெயிலில் பசி மந்தமாவதற்குக் காரணம் உண்டு. சாப்பிட்டதைச் செரிப்பதே உடம்புக்குள் வெப்பத்தை உண்டாக்கும் வேலை. புரதத்தில் உள்ள ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் அதைச் செரிப்பதிலேயே செலவாகி வெப்பமாகிறது. மாவுச்சத்தில் இது 5 முதல் 10 சதவீதம், கொழுப்பில் இன்னும் குறைவு. ஏற்கெனவே சூட்டை வெளியே தள்ளப் பாடுபடுகிற உடம்பு, பெரிய சாப்பாட்டை இப்போது வேண்டாம் என்கிறது, அவ்வளவுதான். பருப்பும் இறைச்சியும் கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவை அளவாக இருக்கட்டும், நீர் நிறைந்தவை தாராளமாக இருக்கட்டும். வெள்ளரிக்காயில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். தக்காளியிலும் ஏறக்குறைய அவ்வளவே. தர்பூசணியில் 90 சதவீதத்துக்கு மேல்.

அடுப்பை அறவே மூட வேண்டாம். நேரத்தை மட்டும் மாற்று. வேக வேண்டிய எல்லாவற்றையும் விடியற்காலையில் வேகவைத்துவிடு. கொண்டைக்கடலையோ வேறு பயறோ முந்தின இரவே ஊறப்போட்டிருந்தால் பாதி வேலையைத் தண்ணீரே செய்து முடித்திருக்கும். குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் கிட்டத்தட்ட 120 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. அதனால் அடுப்பு எரியும் நேரம் வெகுவாகக் குறையும், ஆவியும் அறையில் அவ்வளவாகப் பரவாது. திறந்த பாத்திரத்தில்தான் வைக்க வேண்டும் என்றால் மூடி போடு. கேஸ் அடுப்பில் தீயின் சூடு கணிசமாகப் பாத்திரத்தின் பக்கவாட்டில் வழிந்து அறைக்குள் போய்விடும். இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரத்தின் அடிப்பாகமே சூடாவதால் இந்த வீணடிப்பு குறைவு. இரண்டும் இருக்கிற வீடென்றால் கோடையில் எதைப் பயன்படுத்துவது என்று யோசிக்கவே வேண்டாம்.

அந்த நேரத்துச் சமையல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஜன்னலைத் திறந்தால் வருகிற காற்றில் இன்னும் சூடு ஏறியிருக்காது. அவசரப்படுத்த யாரும் இல்லை. வெந்த கடலையின் மணம் வீடு முழுக்கப் பரவும். உருளைக்கிழங்கைத் தோலுரிக்கும்போது விரலில் சுடும், ஆனாலும் ஆறும்வரை பொறுக்காதே. சூடாக இருக்கும்போதே உப்பும் எலுமிச்சைச் சாறும் கொஞ்சம் எண்ணெயும் விட்டுப் பிசறு. ஆறிய பிறகு போட்டால் எல்லாம் மேலோடு நிற்கும், சூட்டில் போட்டால் உள்ளே இறங்கும். பிறகு நாள் முழுக்க நீ வேறு வேலை பார்க்கலாம். மாலைச் சாப்பாட்டில் பாதி தயாராக இருக்கிறது என்ற நினைப்பே பகல் வெயிலைத் தாங்க வைக்கும்.

குளிர்ந்த சாப்பாடு சப்பென்று இருக்கிறது என்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இனிப்பை உணரும் நாக்குச் செல்களில் உள்ள டிஆர்பிஎம்5 என்ற புரதம் சூடு குறையக் குறைய மந்தமாகிறது என்று 2005-ல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். உருகிப்போன ஐஸ்கிரீம் திகட்டுவது இதனால்தான். அதில் சர்க்கரை கூடவில்லை, நாக்கின் உணர்வுதான் கூடியது. ஆகவே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சாப்பிடப் போகிற எதையும் அடுப்பிலிருந்து இறக்கியபோது பார்த்த ருசியை வைத்து எடைபோடாதே. குளிர்ந்த பிறகு ஒரு வாய் சாப்பிட்டுப் பார். பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் உப்பு கேட்கும், இன்னும் கொஞ்சம் புளிப்பு கேட்கும். தக்காளியை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்காதே. ஒரு வாரம் குளிரில் வைத்த தக்காளி வாசனையை இழக்கிறது, வெளியே எடுத்து ஒரு நாள் வைத்தாலும் அது முழுதாகத் திரும்புவதில்லை என்று ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தார் 2016-ல் காட்டினார்கள். கோடைத் தக்காளியின் பெருமையே அந்த வாசனைதான்.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். சமையலைப் பாதியில் நிறுத்திவிட்டு ஆட்களைக் கூப்பிடு.

வேகவைத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். நறுக்காத வெள்ளரியும் வெங்காயமும் தக்காளியும் இன்னொரு பக்கம். புதினாக் கட்டு, எலுமிச்சை, பச்சை மிளகாய், கெட்டித் தயிர், வறுத்த விதைகள் ஏதாவது. இரண்டு மூன்று கத்தி, அதற்கேற்ற பலகைகள். வருகிறவர்களின் கையில் முதலில் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடு, அப்புறம் கத்தியைக் கொடு. சங்கடப்படுவார்கள் என்று நினைக்காதே. சும்மா உட்கார வைத்தால்தான் விருந்தாளிக்குச் சங்கடம். கைக்கு ஒரு வேலை கிடைத்ததும் அந்த வீட்டில் தனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று தோன்றிவிடும். முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிறவர்கூட வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே மனதில் உள்ளதைச் சொல்லிவிடுவார். சின்னப் பிள்ளைகள் புதினா இலையைக் கிள்ளிப் போடட்டும், பாதி வாய்க்குள் போனாலும் பரவாயில்லை. தான் நறுக்கிய வெள்ளரியை வேண்டாம் என்கிற பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. வயதானவர் யாராவது வந்தால் உப்பை அவர் கையில் விட்டுவிடு. வெள்ளரிக்கு உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும், முன்னால் போட்டால் தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும் என்று அவரே அதட்டிச் சொல்வார். உப்பு சாற்றை வெளியே இழுத்துவிடும் என்பது அவருக்குக் கைப்பழக்கத்திலேயே தெரியும்.

அவரவர் தட்டில் அவரவரே சேர்த்துக்கொள்ளட்டும். காரம் ஆகாதவர் மிளகாயைத் தொட வேண்டாம். வெங்காயம் பிடிக்காதவரிடம் ஏன் என்று கேட்க வேண்டாம். இறைச்சி சாப்பிடாதவருக்குத் தனிப் பாத்திரம், தனிச் சமையல் என்று நீ மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே பாத்திரங்களிலிருந்து ஆறு விதமான தட்டுகள் உருவாகும். அடுத்தவர் தட்டைப் பார்த்து, "அதில் தயிரும் விட்டுப் பாரேன்" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் தன் தட்டிலிருந்து ஒரு கரண்டி எடுத்து நீட்ட, சாப்பாடு பேச்சோடு சேர்ந்தே நடக்கும்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல இன்னொரு காரணம் இருக்கிறது. வீட்டுச் சாப்பாட்டின் சுகத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். பேசுகிறவர்கள் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்க, அதைச் சமைக்கிறவள் அடுப்படியில் வியர்த்துக்கொண்டிருக்கிற வீடுகள் இன்னும் அதிகம். கடைசியாகச் சாப்பிட உட்காருவதும் அவள்தான், அப்போது பேச்சும் முடிந்திருக்கும், பசியும் செத்திருக்கும். அப்படிப்பட்ட விருந்தை நான் விருந்தாகவே எண்ணுவதில்லை. உன் வீட்டில் சமைப்பது நீ என்பதால் இந்தக் களைப்பு உனக்குத் தெரிந்திருக்கிறது. கோடை இந்த வேலையைப் பங்குபோட ஒரு நல்ல சாக்கு. அடுப்பு ஒன்றுதான், அதன் முன்னால் ஒருவர்தான் நிற்க முடியும். நறுக்குவதும் பிழிவதும் கலப்பதும் அப்படி இல்லை, அவற்றைச் சுற்றி எத்தனை பேர் வேண்டுமானாலும் உட்காரலாம்.

புதினாவை மறந்துவிடாதே. அதில் இருக்கும் மென்தால் உண்மையில் எதையும் குளிரவைப்பதில்லை. குளிரை உணர்கிற நரம்பு முனைகளைத் தட்டி எழுப்புகிறது, அவ்வளவுதான். மிளகாயும் இதே வகையில் சூட்டை உணர்கிற முனைகளைத் தூண்டுகிறது, உடம்பு நிஜமாகவே சுடுகிறது என்று நம்பி வியர்க்கிறது. நரம்பு முனைகளில் சூட்டையும் குளிரையும் உணர்கிற இந்தப் புரதங்களைக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவரும் 2021-ல் மருத்துவ நோபல் பரிசை, தொடுவுணர்வு பற்றிய கண்டுபிடிப்புகளோடு சேர்த்துப் பெற்றார்கள். நல்ல காற்று வீசுகிற இடத்தில் உட்கார்ந்து காரமாகச் சாப்பிட்டால் அந்த வியர்வை உலரும்போது உடம்பு குளிர்வதும் உண்மை. காற்றே இல்லாத அறையில் வியர்வை வழியுமே தவிர உலராது. எனவே உட்காரும் இடத்தைக் காற்றைப் பார்த்துத் தேர்ந்தெடு. தட்டு, பாத்திரம் அழகெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இரு. சமைத்ததை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்பது அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் விதி. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். காலையில் வடித்த சோற்றை அகலமான தட்டில் பரப்பி, சீக்கிரம் ஆறவைத்து ஃபிரிட்ஜுக்குள் வை. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாமல் இருந்து, சோறு வெளியில் கிடந்தால் நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. தர்பூசணியை வெட்டும் முன் தோலைக் கழுவு, தோலில் இருப்பதைக் கத்தி உள்ளே கொண்டுபோய்விடும்.

நண்பர்களைச் சந்திக்கக் கடை இருக்கிறது, அலைபேசி இருக்கிறது, வீட்டுக்குள் எதற்கு என்றும் கேட்டிருந்தாய். 2025-ன் உலக மகிழ்ச்சி அறிக்கையில் சேர்ந்து சாப்பிடுவதற்கென்றே ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் நாலில் ஒருவர் முந்தின நாளின் எல்லா வேளையும் தனியாகவே சாப்பிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். 2003-ஐவிட இது 53 சதவீதம் அதிகம். பிறரோடு அடிக்கடி சாப்பிடுகிறவர்கள் தங்கள் வாழ்க்கையில் கூடுதல் நிறைவு இருப்பதாகவும் சொல்கிறார்கள். சேர்ந்து சாப்பிடுவதால் மகிழ்ச்சியா, மகிழ்ச்சியாக இருப்பவர்கள்தான் சேர்ந்து சாப்பிடுகிறார்களா என்று நீ மடக்குவாய். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராபின் டன்பார் 2017-ல் வெளியிட்ட ஆய்வில் இதற்கும் ஒரு குறிப்பு உண்டு. நெருக்கம் இருப்பதால் சேர்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதைவிட, சேர்ந்து சாப்பிடுவதுதான் நெருக்கத்தை வளர்க்கிறது என்றே அவருடைய பகுப்பாய்வு காட்டுகிறது. கூட இருந்தவர்களோடு நெருங்கியதாகத் தோன்றிய இரவுச் சாப்பாடுகளில் ஆட்கள் அதிகம் இருந்திருக்கிறார்கள், சிரிப்பும் பழைய கதைகளும் அதிகம் இருந்திருக்கின்றன. கடையில் பின்னால் ஆள் காத்திருப்பார், பழைய கதை நீள முடியாது. வீட்டில் பாத்திரம் காலியான பிறகும் உட்கார்ந்திருக்கலாம்.

முதல் முறை நிறையப் பேரைக் கூப்பிடாதே. வேலை செய்யும் இடத்தில் தனியாகச் சாப்பிடுகிறவர் என்று நீ குறிப்பிட்டிருந்தாயே, அவரைக் கூப்பிடு. மாடி வீட்டுப் பெரியவரையும் கூப்பிடு, உப்புக்கு ஆள் வேண்டும். வெறுங்கையோடு வரலாமா என்று யாராவது கேட்டால் எலுமிச்சைப் பழம் கொண்டு வரச் சொல், கோடையில் அது எவ்வளவு இருந்தாலும் போதாது. நாளைக் குறித்துவிட்டு எனக்குச் சொல். நானும் வருகிறேன், தர்பூசணி என் பொறுப்பு.

அன்புடன்,
அக்கா