பையனை ஊரில் சேர்க்கும் முன்னால்

பாலக்கோடு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓசூரில் பனி தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கும் விடிகாலையில் பனி கொட்டுகிறது. தக்காளி விலை இறங்கிவிட்டதால் இவர் மண்டியிலிருந்து வாடிய முகத்தோடுதான் வருகிறார். மாமியாரின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மற்றபடி எல்லோரும் நலம். பெரியவன் ஐந்தாம் வகுப்பு, பாப்பா இரண்டாம் வகுப்பு.

உன் கடிதத்தில் ஒரு விஷயம் என் மனதை விட்டு நகரவே இல்லை. வரும் ஜூனில் சின்னவனை உன் அம்மாவிடம் விட்டு, பென்னாகரம் பக்கம் உங்கள் ஊரிலேயே எல்.கே.ஜி. சேர்க்கலாம் என்று யோசிப்பதாக எழுதியிருக்கிறாய். இரண்டு பேருக்கும் ஷிப்ட் வேலை, பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது, அடிக்கடி காய்ச்சல் வருகிறது என்கிறாய். எல்லாம் புரிகிறது. ஆயாவிடம் பிள்ளை வளர்வது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். அப்பா அம்மா பெங்களூரிலோ திருப்பூரிலோ இருக்க, பிள்ளைகள் பாட்டியின் கையால் களியும் கீரையும் சாப்பிட்டு நன்றாகத்தான் வளர்கிறார்கள் நம் பக்கத்தில். உன் அம்மாவைப்போல் பார்த்துக்கொள்ள யாராலும் முடியாது.

ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, 'இப்போதுதான் ஒகேனக்கல் தண்ணீர் வந்துவிட்டதே, நம் காலத்துப் பிரச்சினை இல்லை' என்று. அதைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும்.

பாப்பாவின் பற்களைப் பற்றி உனக்கு நான் எழுதியதில்லை. அவளுடைய பால் பற்கள் முத்துப்போல இருந்தன. ஒன்றாம் வகுப்பில் முன்பற்கள் விழுந்து புதுப் பல் முளைத்தபோது எல்லோரையும்போல நாங்களும் சந்தோஷப்பட்டோம். முளைத்த பல்லில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். பால் அதிகம் குடிக்கிறாள், அதனால்தான் என்று மாமியார் சொன்னார். கொஞ்ச நாளில் அந்த இடங்கள் மஞ்சளாகி, பிறகு காவி நிறமாயின. அப்புறம்தான் அவளிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. சிரிக்கும்போது கை வாய்க்குப் போனது. வகுப்பில் பாட்டுச் சொல்லக் கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாளாம். ஒருநாள் குளியலறையில் உப்பையும் செங்கல் பொடியையும் கலந்து தேய்த்துக்கொண்டிருந்தாள், ஈறெல்லாம் ரத்தம். கேட்டதற்கு, 'பக்கத்துல உக்கார்ற பொண்ணு நீ பல்லே வெளக்க மாட்டியான்னு கேக்குறா, மிஸ்ஸும் நல்லா தேய்ச்சிட்டு வான்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க' என்றாள். ஏழு வயதுப் பிள்ளை இதை எவ்வளவு நாள் மனதில் வைத்திருந்தாளோ.

பல் டாக்டரிடம் காட்டினேன். பார்த்தவுடனே அவர் கேட்ட முதல் கேள்வி, 'குழந்தையா இருக்கும்போது எந்த ஊர்ல இருந்தீங்க, என்ன தண்ணி குடிச்சீங்க?' என்பதுதான். அவள் பிறந்ததும் வளர்ந்ததும் இவருடைய கிராமத்தில். பாலக்கோட்டுக்கு வந்ததே அவளைப் பள்ளியில் சேர்த்தபோதுதான்.

இது பல்லின் மேல் படிந்த அழுக்கு இல்லையாம். தண்ணீரிலுள்ள புளோரைடு, பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்போதே அதன் எனாமலைக் கெடுத்துவிடுகிறது. அதனால்தான் பால் பல்லில் பெரிதாகத் தெரிவதில்லை, ஆறு ஏழு வயதில் நிரந்தரப் பல் முளைத்த பிறகு தெரிகிறது. பச்சைப் பானையில் பட்ட கறை சூளையில் வெந்தபின் போகாததுபோல, எவ்வளவு தேய்த்தாலும் இது போகாது. முன்பற்களின் எனாமல் நாலைந்து வயதுக்குள் உருவாகிவிடும். கடைவாய்ப் பற்களுக்கு எட்டு வயதுவரை ஆகும். அதற்கு மேல் அதே தண்ணீரைக் குடித்தாலும் பல்லில் கறை விழாது. எலும்புக்கும் மூட்டுக்கும் கெடுதல் உண்டு, அது வேறு. உன் பையனுக்கு இப்போது நாலாவது வயது நடக்கிறது. அவன் அடுத்து குடிக்கப்போகும் தண்ணீர் எதுவென்று நான் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறேன் என்று இப்போது உனக்குத் தெரியும்.

இன்னொன்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டாயே? நம் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ என்னிடம் இருக்கிறது. எல்லோரும் சிரிக்கும் போட்டோவில் நீ மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறாய். நீ வளர்ந்தது அந்த ஊர்த் தண்ணீரில்தான். உன்னைவிட இதை யார் அறிவார்கள்?

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நல்ல திட்டம்தான், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013-இல் தொடங்கினார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர் வருகிறது. அதற்கு முன் நம் அம்மாக்கள் குடம் தூக்கியது நமக்கு மறக்காது. ஆனால் பாப்பா பிறந்ததே திட்டம் வந்த பிறகுதான். அவள் பல்லில் எப்படிக் கறை வந்தது? இவருடைய ஊரில் காவிரித் தண்ணீர் குறைகிற நாட்களில் அதே மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் ஏற்றிவிடுவார்கள். குழாயில் வருவது எந்தத் தண்ணீர் என்று குடிக்கிறவருக்குத் தெரியாது. புளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியும் இல்லை. போர் தண்ணீர் தெளிவாக இருக்கும், குடிக்க நன்றாகவும் இருக்கும். நம் பக்கத்துப் பாறையிலேயே புளோரைடு இருக்கிறது. பாறை இடுக்கில் வருஷக்கணக்கில் தேங்கிய தண்ணீரைத்தான் ஆழத்திலிருந்து போர் போட்டு எடுக்கிறோம். கிணறுகள் வற்றிப்போய் ஆழம் கூடக் கூட இது அதிகமானது.

ஆகவே ஊரில் திட்டம் வந்துவிட்டதா என்று மட்டும் கேட்காதே. வீட்டுக் குழாயில் எது வருகிறது, பள்ளிக் குழாயில் எது வருகிறது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே தெருவில் இருந்தாலும் வேறு வேறு தொட்டியாக இருக்கலாம். எத்தனையோ பள்ளிகளில் வளாகத்துக்குள்ளேயே ஒரு போர் இருக்கிறது. அதிலிருந்து சின்டெக்ஸுக்கு ஏற்றி, கை கழுவவும் குடிக்கவும் ஒரே குழாய். பகல் முழுதும் பிள்ளை அங்கேதான் இருக்கிறது. அவன் பாட்டில் காலியானால் எங்கே நிரப்புகிறான் என்று நாம் பார்ப்பதில்லை. சமைக்கிற தண்ணீரும் கணக்குத்தான், சோறும் பருப்பும் அதிலேதான் வேகின்றன. காய்ச்சிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று உன் அம்மா சொல்வார். காய்ச்சினால் கிருமி போகும், புளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். சாதாரண பில்டரிலும் போகாது. ஆர்.ஓ. இயந்திரம் எடுத்துவிடும். மழைத் தண்ணீரில் அது இருப்பதே இல்லை என்று சொல்லலாம்.

சோதிப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் தருமபுரியில் இருக்கிறது. கண்ணாடி பாட்டில் வேண்டாம், சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் அலசிவிட்டு ஒரு லிட்டர் பிடித்துக் கொடுத்தால் அளவைச் சொல்லிவிடுவார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம் என்பது விதி. மழைக்குப் பின் ஒருமுறை, கோடையில் ஒருமுறை பார்ப்பது நல்லது, அளவு மாறும். பஞ்சாயத்துகளுக்குச் சோதனைப் பெட்டியும் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டு, மாறுகிற நிறத்தை அட்டையோடு ஒப்பிடுவது. கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். உங்கள் ஊரில் யாரிடம் இருக்கிறது என்று உன் அம்மாவைக் கேட்கச் சொல்.

பாப்பா பள்ளியில் நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். முதலில் மிஸ்ஸைத் தனியாகப் பார்த்துச் சொன்னேன். அவர் வெளி மாவட்டத்துக்காரர், பல் கறைக்கு இப்படி ஒரு காரணம் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. மனசு கஷ்டப்பட்டு, அடுத்த நாளே வகுப்பில் இது தண்ணீரால் வருவது, அழுக்கு இல்லை என்று பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அந்த வகுப்பில் இன்னும் சில பிள்ளைகளுக்கும் இதே கறை. அவர்களுக்கும் அன்றைக்குத்தான் நிம்மதி. பிறகு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசினேன். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். கையெழுத்துப் போட மட்டும் நம்மைக் கூப்பிடுவதாக நினைத்து முக்கால்வாசிப் பேர் பேசுவதே இல்லை. நான் பேசினேன். தண்ணீரைச் சோதித்தோம், அளவு கூடுதலாக வந்தது. இப்போது குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீர் தனித் தொட்டியில் வருகிறது. போர் குழாய்க்கு மேல் 'குடிக்க அல்ல' என்று சிவப்பில் எழுதிவிட்டோம். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் படிக்காத பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்.

பாட்டிலைப் பற்றி இன்னொரு விஷயம். மாலையில் பாப்பாவின் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வந்துகொண்டிருந்தது. தண்ணீர் குடித்தால் கழிப்பறை போக வேண்டும், அங்கே தாழ்ப்பாள் கிடையாது, அதனால் குடிப்பதே இல்லை. தாழ்ப்பாள் போட ஆன செலவு ஒரு நாள் காய்கறிச் செலவுகூட இல்லை. பிள்ளைகள் இதையெல்லாம் தாமாக வந்து சொல்ல மாட்டார்கள். உன் பையனைச் சேர்க்கும்போது வகுப்பறையைப் பார்க்கிற மாதிரியே கழிப்பறையையும் போய்ப் பார். கதவு, தாழ்ப்பாள், அவன் உயரத்துக்கு எட்டும் குழாய்.

உன் அம்மாவிடம் சொல்ல வேண்டியவை சில. டீ வேண்டவே வேண்டாம். ஆயாக்கள் பேரப்பிள்ளைக்கு டீயில் பன் தொட்டுக் கொடுப்பது வழக்கம்தான், ஆனால் டீத்தூளிலேயே புளோரைடு இருக்கிறது. கேழ்வரகு, முருங்கைக்கீரை, பால், நெல்லிக்காய் நிறையக் கொடுக்கட்டும். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சி-யும் நன்றாக இருந்தால் பாதிப்பு குறையும் என்றார் டாக்டர். பற்பசை பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம், விழுங்கவும் கூடாது.

'இதே தண்ணியைக் குடிச்சுதானே உன்னை வளர்த்தேன்' என்று அவருக்கு வருத்தம் வரும். குறை சொல்வதுபோல் பேசிவிடாதே. நம் அம்மாக்களுக்கு வேறு தண்ணீரே கிடைக்கவில்லை, அந்தப் போர் தண்ணீரையும் வரிசையில் நின்றுதானே பிடித்தார்கள்.

படிப்பைப் பற்றி நீ எழுதிய கவலை எனக்கு அவ்வளவாக இல்லை. ஓசூரில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுகிறான், தமிழ் எழுத்து வருமா என்று கேட்டிருந்தாய். வரும். மூன்று பாஷை காதில் விழுந்து வளர்கிற பிள்ளைக்கு அது பலம்தான். தினமும் ஒரு கதை வாய்விட்டுச் சொல்ல ஆள் இருந்தால் போதும், அதற்கு உன் அம்மா இருக்கிறார். ஒன்றாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியில் சேர்த்தால் காலை உணவும் கிடைக்கும். 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் போடுகிறார்கள். காலையில் வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைகள் இப்போது சுறுசுறுப்பாக இருப்பதாக இங்கே மிஸ் சொல்கிறார்.

பாப்பா இப்போது பரவாயில்லை. கறை அப்படியேதான் இருக்கிறது. பெரியவளானால் சரிசெய்ய சிகிச்சை இருக்கிறது, இப்போது அவசரப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செங்கல் பொடியை விட்டுவிட்டாள். வகுப்பில் பாட்டுச் சொல்கிறாள். தெரியாத ஆட்கள் வந்தால் மட்டும் இன்னும் கை வாய்க்குப் போகிறது. அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. உன் பையனுக்கு அது வரவே கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அடுத்த ஞாயிறு பென்னாகரத்தில் எங்களுக்கு ஒரு கல்யாணம். போகிற வழியில் உங்கள் ஊரில் இறங்கி, உன் அம்மா வீட்டுக் குழாயிலும் நீ பார்த்து வைத்திருக்கும் பள்ளியின் குழாயிலும் தண்ணீர் பிடித்து வந்து, திங்கட்கிழமை ஆய்வகத்தில் கொடுத்துவிடுகிறேன். அம்மாவிடம் நான் வருவதாகப் போனில் சொல்லிவிடு, பள்ளியின் பெயரையும் எழுது. அளவு தெரிந்த பிறகு ஜூன் மாதத்தைப் பற்றி முடிவு செய்யலாம், அதுவரை பணம் எதுவும் கட்டிவிடாதே.

சின்னவனுக்கு என் முத்தங்கள். வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

உன் அன்புத் தோழி