ஆர்ட் பாசெலுக்குப் போய்விட்டு வா

அன்புள்ள செந்திலுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். வெயில் இன்னும் தணியவில்லை. அப்பா சாயங்காலம்தான் கழனிப் பக்கம் போகிறார்.

நீ வேலை பார்க்கிற சுவிட்சர்லாந்து பாசெல் ஊரில் வருஷா வருஷம் நடக்கிற, கலைப்படைப்புகளை விற்கும் கண்காட்சியைப் பற்றி, "இந்த வருஷம் ஆர்ட் பாசெலுக்குப் போகலம்மா, அது பணக்காரங்க சந்தை" என்று போனில் சொன்னாயே, அது மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சந்தைதான், இல்லையென்று யார் சொன்னது? முதல் நாட்களில் அழைப்பு வைத்திருப்பவர்களை மட்டும் உள்ளே விட்டு, அவர்கள் வாங்கியது போகத்தான் நமக்குக் கதவு திறக்கிறார்கள். எனக்கும் அது பிடிக்கவில்லை. அதற்காக நீ ஏன் ஒதுங்க வேண்டும்?

போன வருஷம் அன்லிமிடெட் கூடத்தில் நாம் நின்றது நினைவிருக்கிறதா? கடையறைக்குள் அடங்காத பெரிய படைப்புகளுக்கென்றே 2000-லிருந்து அந்தப் பகுதியை நடத்துகிறார்கள். கூரையிலிருந்து தொங்கிய ஒன்றைப் பார்க்க ஒரு தாயும் குழந்தையும் தரையிலேயே மல்லாந்து படுத்திருந்தார்கள். யாரும் அவர்களை எழுப்பவில்லை. "நம்ம ஊர் படுகளம் மாதிரி இருக்கும்மா" என்று அப்போது நீதான் சொன்னாய்.

இங்கே படுகளத்துக்காகத் திரௌபதி அம்மன் கோயில் முன்னால், மல்லாந்து படுத்திருக்கும் துரியோதனன் சிலைக்கு மண் கொட்டியாகிவிட்டது. தண்ணீர் தெளித்து மிதித்து, காலில் ஆரம்பித்து மேலே ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். முகம் கடைசியில்தான். கண்ணுக்குச் சுண்ணாம்பு, மீசைக்குக் கரி. தொடையில் குங்குமத் தண்ணீர்க் குடத்தைப் புதைப்பார்கள். பீமன் வேஷக்காரர் வந்து அடித்ததும் அது உடையும், பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். அப்புறம் ஆளுக்கொரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம். இவ்வளவு பெரிய சிலையை விற்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. செலவு முழுக்க ஊரார் கொடுக்கும் தலைக்கட்டு வரி.

பாசெல்காரர்களும் அப்படிக் கொடுத்தவர்கள்தானே. அருங்காட்சியகத்தில் இருந்த பிக்காசோ ஓவியங்கள் இரண்டு விலைக்குப் போகும் நிலை வந்தபோது, 1967-ல் ஊரே வாக்களித்து அரசுப் பணம் 60 லட்சம் பிராங்க் கொடுக்கச் சம்மதித்தது. மிச்சம் 24 லட்சத்தைத் தெருவில் இறங்கி விழா நடத்தித் திரட்டினார்கள். பிக்காசோ மனம் குளிர்ந்து இன்னும் நான்கு படைப்புகளைச் சும்மாவே கொடுத்தார். நீ சொல்லிக் கேட்ட அன்றிலிருந்து இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அந்த ஊரின் கலைக்கூடக்காரர்கள் மூன்று பேர்தான் 1970-ல் இந்தக் கண்காட்சியை ஆரம்பித்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் வேலை பார்க்கிறவன் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது, கண்ணு.

ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் எடு. முதலில் அன்லிமிடெட்டுக்குப் போ. கால் ஓய்ந்த பிறகு போனால் ஒன்றும் மனசில் ஏறாது. விலை கேட்காதே. பிடித்ததன் முன்னால் நிதானமாக நின்று பார்த்து, செய்தவர் பேரையும் ஊரையும் எனக்கு எழுதி அனுப்பு.

படுகளத்தன்று வீடியோவில் கூப்பிடுகிறேன். இந்த வருஷம் மீசை வரைவது உன் மாமாதான்.

அன்புடன்,
அம்மா