சாப்பிட்டதற்குப் பணம் கொடுங்கள்: கடலூர் அலுவலகத் தலைவர்களுக்கு ஒரு மடல்

கடலூரில் கூட்டத்துக்கும் பயிற்சிக்கும் எங்களைப் போன்ற சின்னக் கடைகளில் சாப்பாடு சொல்லும் அரசு அலுவலகத் தலைவர்களுக்கு,

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் மெஸ் வைத்திருக்கிறேன். எந்தக் கடை என்று உங்களில் பலருக்குச் சொல்லாமலே தெரியும். பாக்கி விவரமும் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் ஓர் அலுவலகத்திலிருந்து போன். "புதன்கிழமை 150 சாப்பாடு வேணும். மேடையில உட்கார்றவங்களுக்கு மட்டும் வஞ்சிரம் வறுவல், போன தடவை மாதிரியே." போன தடவைக்கான பணம் என்னவாயிற்று என்று கேட்டேன். "அது பழைய ஆபீசர் காலத்து பில்லுங்க" என்றார். பில் பழைய அதிகாரியோடு போய்விட்டது. மீன் ருசி மட்டும் புதியவர் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

போன தடவை என்பது மூன்று நாள் பயிற்சி முகாம். காலையில் டீ, வடை, மதியம் முழுச் சாப்பாடு, சாயங்காலம் திரும்ப டீ. பில் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் இன்னும் இரண்டு கடைகளில் கொட்டேஷன் வாங்கி வரச் சொன்னார்கள். சாப்பாடு செரித்த பிறகு கொட்டேஷன்! பக்கத்து மெஸ் அண்ணனிடம் போய், அவர் சமைக்காத சாப்பாட்டுக்கு ஒரு விலை போட்டுத் தரச் சொன்னேன். சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். அவருக்கும் இதே மாதிரி ஒரு பாக்கி நிற்கிறது, வேறொரு அலுவலகத்தில். அப்புறம் ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார்கள், ஃபண்ட் வரவில்லை என்றார்கள், மார்ச் முடிந்துவிட்டது என்றார்கள்.

வியாபாரம் ஓடிய காலமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இப்போது சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் தம்பிகள் ஒரு பார்சலை வாங்கி இரண்டு பேராகப் பிரித்துக்கொள்கிறார்கள். மீன் குழம்புச் சாப்பாடு கேட்டவர் சாம்பார் சாதத்தோடு எழுந்து போகிறார். விலையை ஏற்றினால் அவரும் வரமாட்டார்.

அந்த மூன்று நாளுக்கு அரிசியும் எண்ணெயும் மீனும் வாங்கத் தண்டல் எடுத்தேன். மாதச் சம்பளக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், சொல்லிவிடுகிறேன். பத்தாயிரம் என்று நோட்டில் எழுதுவார்கள், எட்டாயிரத்து ஐநூறு கைக்கு வரும். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். அப்படி ஐந்து நோட்டு. வசூலுக்கு வரும் பையன் ராத்திரி ஏழரை மணிக்கு, இட்லி வியாபாரம் சூடு பிடிக்கிற நேரமாகப் பார்த்து, கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து நிற்பான். சத்தமே போடமாட்டான். சாப்பிடுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பது அவனுக்குப் போதும். மழை பெய்து ஆள் வராத நாளில், மாஸ்டர் சம்பளத்துக்கு எடுத்து வைத்ததை அவனிடம் கொடுத்துவிட்டு, மாஸ்டரிடம் "நாளைக்குத் தரேன்" என்பேன். அந்த ஐந்து நோட்டும் முடிந்து, அதை அடைக்க எடுத்த நோட்டு இப்போது ஓடுகிறது. உங்கள் பில் அப்படியே இருக்கிறது.

இன்னொன்று. நான் சின்னக் கடைகளுக்கான காம்போசிஷன் முறையில் ஜி.எஸ்.டி. கட்டுகிறவன். விற்றதில் 5 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, என் கையிலிருந்து போகும். பில் போட்டாலே வரி உண்டு, பணம் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. ஆக, அரசாங்கம் எனக்குத் தராத பணத்துக்கு அரசாங்கத்துக்கே வரி கட்டி முடித்துவிட்டேன்.

சட்டம் தெரியாதவன் என்று நினைக்க வேண்டாம். சிறுதொழில்களுக்கான 2006-ம் ஆண்டுச் சட்டம் என்ன சொல்கிறது? எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்கூட பணம் தர 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒன்றுமே இல்லையென்றால் 15 நாள். நீங்கள் போனில்தானே சொன்னீர்கள்? அப்படியானால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. சிறுதொழில் என்பதற்கான உத்யம் பதிவும் என்னிடம் இருக்கிறது. இப்படிப்பட்ட பாக்கிக்கென்றே இருக்கும் அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம்தான். கொடுத்த மறுநாள் எந்தத் துறையிலிருந்து யார் வந்து என் சமையலறைத் தரையை முகர்ந்து பார்ப்பார் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறதே!

உள்ளூர்க் கடைகளைக் காப்போம் என்று மேடையில் பேசுகிறீர்கள். அந்த மேடைக்கே சாப்பாடு கடனில்தான் வருகிறது. கஷ்டம் என்று சொன்னால் முத்ரா கடனுக்கு எழுதிப் போடச் சொல்கிறீர்கள். ஐயா, எனக்கு வர வேண்டிய பணம் வந்தாலே போதும், கடன் வேண்டாம். 2011-ல் தானே புயல், 2024-ல் ஃபெஞ்சல் புயல். ஊருக்குள் தண்ணீர் ஏறும்போது பொட்டலம் கட்ட உங்களுக்கு ஞாபகம் வருவது எங்கள் அடுப்புதான், பைபாஸ் ஓரத்து ஏசி ஹோட்டல் இல்லை. கரண்ட் பில்லுக்கு ஒரு வாரம் தள்ளிப்போனால் ஃபியூஸைப் பிடுங்க ஆள் வருகிறது. உங்கள் தாமதத்துக்கு நாங்கள் எதைப் பிடுங்குவது?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்ததைக் கேட்கிறேன். சாப்பிட்டதற்குப் பணத்தை 15 நாளில் கொடுங்கள். பழைய அதிகாரி, புதிய அதிகாரி என்ற கணக்கு எங்களுக்கு வேண்டாம். சாப்பாடு போனது அலுவலகத்துக்கு. தயவுசெய்து உங்கள் அலுவலகத்தில் கிடக்கும் சாப்பாட்டு பில்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய தொகை எதுவும் இருக்காது, உங்கள் கணக்கில் அது தூசு. இனிமேல் ஆர்டரைப் பேரும் தேதியும் போட்டு எழுத்தில் கொடுங்கள். மளிகைக்குப் பாதியாவது முன்பணம் தாருங்கள். கொட்டேஷன் வேண்டுமென்றால் அடுப்பு மூட்டுவதற்கு முன்பு கேளுங்கள். பில்லை வாங்கும்போது நகலில் தேதியோடு ஒரு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டால் நல்லது. 15 நாளை எண்ண எங்களுக்கு வசதியாக இருக்கும்.

பணிவுடன்,
மஞ்சக்குப்பம் மெஸ்காரன்