ரோட்டோருவாவில் எங்களை இறக்கிவிடுங்கள்

அன்புள்ள பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். ஆக்லாந்தில் நீண்ட வார இறுதி வந்தால் போதும், 40 பேரைச் சேர்த்து, புளியோதரையும் தயிர்சாதமும் கட்டி, நியூசிலாந்தின் வெந்நீர் ஊற்று ஊரான ரோட்டோருவாவுக்கு வண்டி எடுத்துவிடுகிறீர்கள். அது எவ்வளவு பெரிய தலைவலி என்று எனக்குத் தெரியும். ஒரு முறை வரவு செலவு பார்த்தவன் நான். அதனால் இதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சரி, குறைதான். உரிமையோடு சொல்கிறேன்.

போன முறை ஊர் எல்லையில் ஒரு ரவுண்டானா வந்தது. நடுவே 12 மீட்டர் உயரத்துக்குச் சுருள் சுருளாக ஒரு சிற்பம். "அது என்ன மாமா?" என்று பின் சீட்டுப் பிள்ளை ஒன்று கேட்டது. பதில் சொல்ல ஆளில்லை. வண்டிக்குள் பாட்டுக்குப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் வெந்நீர் ஊற்று, படம், சாப்பாடு, "ஜன்னலை மூடுங்க, அழுகின முட்டை வாடை", அடுத்த ஊர்.

அந்தச் சிற்பத்தின் பெயர் தே அஹி துப்புவா. முப்பரிமாண அச்சில் உருவாக்கி 2020-இல் நிறுத்தினார்கள். சொல்வது என்னவோ பழைய கதை. ங்காத்தோரோய்ராங்கி என்ற, நியூசிலாந்துப் பூர்வகுடிகளான மாவோரிகளின் பூசாரி மலையுச்சியில் குளிரில் விறைத்துப்போய், பூர்வீக நிலமான ஹவாய்கியிலிருந்து நெருப்பு அனுப்பச் சொல்லி வேண்டுகிறார். தே புப்பு, தே ஹோத்தா என்ற சகோதரிகள் அதைப் பூமிக்கடியில் கொண்டுவருகிறார்கள். வழியில் அவர்கள் தலை நீட்டிய இடமெல்லாம் வெந்நீர் ஊற்று. நாம் காசு கொடுத்துப் பார்க்கப் போகும் நீராவிக்கெல்லாம் காரணம் அங்கேயே நிற்கிறது. நம் வண்டி அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

மறுமாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு காரில் போனேன். வழிகாட்டி யாரும் வேண்டாமென்று நாங்களே ஒரு காலைப்பொழுது நடந்தோம். குய்ராவ் பூங்காவில் தொடங்கினோம். ஊர் நடுவில் உள்ள பூங்காதான், கட்டணம் கிடையாது. வேலிக்குள் சேறு கொதித்துக்கொண்டிருக்கும். வேலியை மட்டும் தாண்டக் கூடாது. 2001-இல் இங்கே திடீரென்று வெடித்துச் சேறும் கல்லும் பறந்திருக்கின்றன. ஒரு பக்கம் கால் நனைக்க வெந்நீர்த் தொட்டி. மூட்டுவலிக்காரி அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

அங்கிருந்து ஏரிப் பக்கம் நடந்தால் ஓஹினேமுத்து. தயவுசெய்து இந்த இடத்தை உங்கள் பட்டியலில் சேருங்கள். தே அரவா என்ற மாவோரி இனக்குழுவில் ங்காத்தி ஃபாகாவுவே பிரிவினர் இன்றும் குடியிருக்கும் கிராமம் இது. ரோட்டோருவா நகரம் உருவானதே 1880-இல் இவர்களோடு செய்த ஒப்பந்தத்தால்தான். வீட்டு முற்றங்களில் ஆவி புகைகிறது. பொது மண்டபத்துக்குத் தாமாதெகாப்புவா என்று பெயர். இவர்களின் முன்னோரை ஏற்றிவந்த தே அரவா படகைச் செலுத்திய தலைவனின் பெயர் அது. செதுக்கிய மரமுகங்களின் கண்களில் சிப்பி மின்னுகிறது. பக்கத்தில் செதுக்கு வேலைப்பாடு கொண்ட மாவோரிப் பந்தலுக்குக் கீழே விக்டோரியா மகாராணியின் மார்பளவுச் சிலை! அதைப் பார்த்து அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அங்கேயே உள்ள தேவாலயத்தை ஒட்டிய கல்லறைகள் எல்லாம் தரைக்கு மேலே, வெள்ளைப் பெட்டிகள் போல. தோண்டினால் வெந்நீர் என்பதால் அப்படி. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "மண்ணே சூடா இருக்கே, பாவம், எப்படித் தூங்குவாங்க" என்றாள்.

தேவாலயத்துக்குள் ஒரு பெரிய கண்ணாடிச் சன்னல். அதில் மாவோரி மேலாடை போர்த்திய இயேசு. நின்று பார்த்தால் கண்ணாடியில் கீறிய உருவம், அவ்வளவுதான். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் பின்னால் நிஜ ஏரி தெரிகிறது. அவர் தண்ணீர்மேல் நடந்து வருகிறார். இதற்கு உட்கார நேரம் வேண்டும். "10 நிமிஷத்தில் வண்டி" என்றால் தெரியாது.

ஏரிக்கரையோடே போனால் அரசுத் தோட்டம். 1908-இல் திறந்த பழைய குளியல் மாளிகை அங்கே இருக்கிறது. பிறகு அருங்காட்சியகமாக இருந்து, நிலநடுக்கம் தாங்காது என்று 2016-இல் மூடினார்கள். வெளியிலிருந்து பார்த்தாலே போதும் என்பது என் கட்சி.

திரும்பும் வழியில் ஹினெமோவா தெருவும் துத்தானெக்காய் தெருவும் வெட்டிக்கொள்ளும் முனையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். பழங்கதையில், காதலன் துத்தானெக்காயின் குழலோசை கேட்டு, சுரைக்குடுக்கைகளைக் கட்டிக்கொண்டு, இரவில் ஏரியை நீந்தி மொகோயா தீவுக்குப் போனவள் ஹினெமோவா. கரையேறிக் குளிர் காய்ந்தது அங்கிருந்த வெந்நீர்க் குளத்தில். காதலர்கள் தெருவிலும் சந்தித்துக்கொள்கிறார்கள்.

போஹுட்டு என்ற பீறிடும் வெந்நீர் ஊற்றைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 30 மீட்டர் வரை பீறிடும் தண்ணீர், யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் ஊர்க்காரர்கள் ஆழ்துளைக் கிணறு போட்டு வெந்நீரை உறிஞ்சியதில் ஊற்றுகள் சோர்ந்துபோக, 1980-களில் அரசு ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் இருந்த கிணறுகளை மூடவைத்ததையும், அதன்பின் ஊற்றுகள் தேறியதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நிலத்தடி நீருக்கு போர் போட்டுப் போட்டு என்ன ஆனது என்று பார்த்த ஊர்களிலிருந்து வந்தவர்கள்தானே நாம். போஹுட்டு இருக்கும் வளாகத்திலேயே மாவோரி மரச் செதுக்குப் பள்ளி இருக்கிறது. 1963-இல் சட்டம் போட்டு உருவாக்கிய நிறுவனம் தொடங்கிவைத்தது. இளைஞர்கள் உளியோடு உட்கார்ந்திருப்பதை நேரிலேயே பார்க்கலாம்.

நான் கேட்பது மூன்று மணி நேரம். குய்ராவில் இறக்கிவிடுங்கள், அரசுத் தோட்டத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். நடை ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர், பெரும்பாலும் சமதரை. முடியாதவர்கள் தொட்டியில் கால் வைத்துக்கொண்டு இருக்கட்டும். 40 பேரும் மொத்தமாக ஓஹினேமுத்துவுக்குள் நுழைய வேண்டாம். ஐந்தாறு பேராகப் போகலாம். அழைக்காமல் மண்டபத்துக்குள் போகக் கூடாது, கல்லறைமேல் சாயக் கூடாது, டப்பாவைத் திறந்து சாப்பிடக் கூடாது. இதையெல்லாம் வண்டியிலேயே சொல்லிவிடுங்கள்.

தமிழில் வரைபடம் நான் போட்டுத் தருகிறேன். அச்சுச் செலவும் என்னுடையது. அம்மா மறுபடியும் வருகிறாள், முன் சீட்டாகப் பார்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியில் வழக்கமாக வரும் ஒருவன்