1976 எல்டொராடோ ஒன்று விற்பனைக்கு இருக்கிறது

நண்பர்களே, டெட்ராய்ட் பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் தன் 1976 காடிலாக் எல்டொராடோ கன்வர்ட்டிபிளை விற்கிறார், ஓடியது வெறும் 9,000 மைல்தான், மழையில் இறக்கியதே இல்லையாம். அமெரிக்க கம்பெனிகள் இனி கூரை மடங்கும் கார் செய்யாது என்று அப்போது பலரும் நம்பியதால், அந்த ஆண்டு வந்த 14,000 வண்டிகளில் பலவற்றை வாங்கி ஓட்டாமலே பூட்டி வைத்தார்கள். 1980களில் கன்வர்ட்டிபிள் திரும்பி வந்துவிட்டது, ஆனால் இப்படிப் புதிது போலச் சில வண்டிகள் நமக்கு மிஞ்சின. 8.2 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின், முன்சக்கர இழுவை, நீளம் பதினெட்டரை அடிக்கு மேல், அதனால் முதலில் உங்கள் கராஜை அளந்துவிடுங்கள்.

நேற்று நானே போய்ப் பார்த்தேன். இருக்கைகளில் ஒரு கீறல் இல்லை, கூரை பட்டனை அழுத்தியதும் அழகாக மடங்குகிறது! பின் பம்பரை ஒட்டிய பிளாஸ்டிக் துண்டுகள் மட்டும் வெடித்திருக்கின்றன, இந்த மாடலில் அது சகஜம், மாற்றுத் துண்டு கிடைக்கும். அப்புறம், நின்றே கிடந்த வண்டி, டயர், பிரேக் ஹோஸ், பெட்ரோல் டேங்க் மூன்றையும் மெக்கானிக்கிடம் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள். நன்றாக வைத்துக்கொள்பவர் கைக்குப் போக வேண்டும் என்பதுதான் என் ஆசை. சனிக்கிழமை காலை பார்க்கலாம், வருபவர்கள் எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள்.