பெயர் அழிந்த இசைத்தட்டுகளும் உங்கள் எல்லோருக்கும் ஒரு நன்றியும்

அன்புள்ள எல்லோருக்கும்,

இங்கே டென்னசி மாநிலத்து நாஷ்வில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒன்று எழுதிக் கொடுத்தாயிற்று. இது கொழும்பிலும் டொரோன்டோவிலும் சென்னையிலும் இருந்துகொண்டு பழைய கன்ட்ரி பாட்டுக்கு (அமெரிக்காவின் கிராமத்து இசை) என்னோடு சேர்ந்து தலையாட்டுகிற உங்களுக்கு. எங்கள் வீட்டு பேஸ்மென்டில், அந்த நிலத்தடி அறையில், தண்ணீர் புகுந்து என் பழைய இசைத்தட்டுகள் நனைந்த கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. பேஸ்மென்டில் தண்ணீர் எந்தப் படி வரை நின்றது என்று படத்தில் பார்த்துவிட்டீர்கள், இன்னும் ஒரு தடவை அந்தக் கதையை எடுத்தால் என் மனைவி என்னை வீட்டை விட்டு அனுப்பிவிடுவாள். எல்லோரும் நலம். சுவர் காய்ந்துகொண்டிருக்கிறது. இசைத்தட்டுகளில் பெரும்பகுதி பிழைத்துவிட்டது. கையில் இன்னும் பாத்திரம் கழுவுகிற சோப்பு வாசம் போகவில்லை, அந்தக் கையோடுதான் எழுதுகிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர், ஒவ்வொருவராகச் சொன்னால் விடிந்துவிடும். மின்விசிறியும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் தூக்கி வந்தவர்கள், வேலைக்கு லீவு போட்டுவிட்டு முழங்கால் சேற்றில் நின்றவர்கள், இடியப்பமும் சொதியும் அனுப்பி எங்களோடு நின்ற அமெரிக்கக்காரர்களையும் கையால் சாப்பிட வைத்தவர்கள், கொழும்பிலிருந்து நேரம் காலம் பார்க்காமல் போன் பண்ணி "வினைல் தட்டுக்கு ஒன்றும் ஆகாது, உறையைத்தான் முதலில் பிரி, காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும்" என்று படித்துப் படித்துச் சொன்னவர். அவர் சொன்னதுதான் காப்பாற்றியது. வடிகட்டிய தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய துணி, அப்புறம் பாத்திரம் காயவைக்கிற தட்டில் நேராக நிறுத்திவிட வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுகிற பழைய தட்டுகள் அரக்கில் செய்தவை என்பதால் ஸ்பிரிட் பக்கமே கொண்டுபோகக் கூடாது, கரைந்துவிடும். டொரோன்டோவிலிருந்து வெள்ளைக் காகித உறைகளைக் கட்டுக் கட்டாக அனுப்பியவருக்கும் ஒரு பெரிய நன்றி. அந்த உறைகளைப் பற்றித்தான் இனிமேல் சொல்லப் போகிறேன்.

கழுவிக் காயவைத்துப் பார்த்தால் தட்டுகள் பளபளவென்று இருக்கின்றன, ஆனால் பாதிக்கு மேல் நடுவில் லேபிள் இல்லை. ஊறி உரிந்து வாளியில் கூழாகக் கிடக்கிறது. கறுப்பாக, வட்டமாக, ஒரே மாதிரி நூற்றுக்கணக்கான தட்டுகள், எது யார் பாட்டு என்று தெரியாது. பாட்டு முடிகிற இடத்தில், லேபிளை ஒட்டி வருகிற வெற்று வளையத்தில், ஒரு எண் பொறித்திருப்பார்கள். அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துத் தேடிக் கண்டுபிடிக்கலாம்தான். நானும் ஒரு பையனும் உட்கார்ந்து ஆரம்பித்தோம். ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குள் கண் பூத்துப் போய்விட்டது.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். எங்கள் கராஜில் சனிக்கிழமைகளில் கூடிப் பாட்டுக் கேட்போமே, அதில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். எண்பதை ஒட்டிய வயது. கேக் கொண்டுவருவார், கேட்பார், போவார். நாங்கள் எல்லோரும் எந்தத் தட்டு எந்த வருஷம், யார் தயாரிப்பு என்று கத்திக்கொண்டிருக்கும்போது அவர் வாயைத் திறந்ததே இல்லை. பொழுது போவதற்காக வருகிறார் என்றுதான் நினைத்திருந்தோம். நான் அவரை மேம் என்று கூப்பிடுவேன், அவர் என்னை ஹனி என்பார், டென்னசியில் அதற்கு மேல் உறவு முறை தேவையில்லை. வந்தவர் பூதக்கண்ணாடியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், "பிளேயர் வேலை செய்கிறதா ஹனி?" என்று மட்டும் கேட்டார்.

ஒவ்வொரு தட்டாகப் போட்டோம். முள் இறங்கி நாலைந்து விநாடி, சில சமயம் அதுகூட இல்லை, பெயர் வந்துவிடும். பாடுகிறவர், பாட்டு, பின்னால் ஸ்டீல் கித்தார் (கம்பிமேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிப்பது) யார், எல்லாம். பையன் எண்ணை வைத்துச் சரிபார்ப்பான், சரியாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் அவன் சரிபார்ப்பதையே விட்டுவிட்டான். எப்படி இது என்று கேட்டதற்கு, அவருடைய அப்பா ஐம்பதுகளில் ஜூக்பாக்ஸ் (காசு போட்டால் பாட்டுப் போடுகிற பெட்டி) தொழில் செய்தாராம். ஊர் ஊராக, சாப்பாட்டுக் கடையும் பீர்க் கடையுமாகப் போய்ப் பழைய தட்டை எடுத்துவிட்டுப் புதுசைப் போடுவது. எட்டு வயதுப் பெண்ணாகக் கூடவே போய், எடுத்துப் போட்ட ஒவ்வொன்றும் ஓடுகிறதா என்று ஆரம்பத்தை மட்டும் கேட்டுப் பார்ப்பது இவர் வேலை. ஆரம்பத்தை மட்டும்! அதனால்தான் அந்த வேகம்.

அவர் காது எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும், உங்களுக்குப் பிடிக்கும். ஒரு தட்டில் ஸ்டீல் கித்தார் ஒரு சுரத்தில் ஆரம்பித்து, கம்பியை அப்படியே பிடித்து வளைத்த மாதிரி இன்னொரு சுரத்துக்குப் போனது. உடனே, "பெடல் இருக்கிறது, அப்படியானால் 54க்கு முன்னால் இல்லை" என்றார். உண்மைதான். பாடகர் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' 1954இல் பெரிய ஹிட் ஆனபோது, அதில் பட் ஐசக்ஸ் பெடலை மிதித்து அந்த வளைவை வாசித்த பிறகுதான் எல்லோரும் கித்தாருக்குப் பெடல் மாட்ட ஓடினார்கள். இதை நான் புத்தகத்தில் படித்தேன். அந்த அம்மா கடைகளில் கேட்டிருக்கிறார்.

ஒரே ஒரு தடவை சறுக்கினார். "ஹாங்க் வில்லியம்ஸ், ஸ்டீல் டான் ஹெல்ம்ஸ்" என்றார். பாட ஆரம்பித்து இரண்டாவது வரி வந்தபோது முகம் சுளித்தார். பாடியது ஹாங்க் இல்லை, இன்னொரு பாடகர் ரே பிரைஸ். ஆனால் இதில் அம்மாவைத் தப்புச் சொல்லவே முடியாது. ரே பிரைஸ் ஹாங்க் வில்லியம்ஸோடு ஒரே வீட்டில் இருந்தவர், 1953 புத்தாண்டு அன்று ஹாங்க் 29 வயதில் போய்ச் சேர்ந்த பிறகு அவருடைய குழுவையே தன்னோடு சேர்த்துக்கொண்டவர், ஆரம்பக் காலத்தில் குரலும் அப்படியே அவரைப் போலத்தான். 1956இல் 'கிரேஸி ஆர்ம்ஸ்' வந்து, நடை போடுகிற அந்த பேஸ் (தாழ்சுர) தாளம் அவருக்கென்று ஆன பிறகுதான் ஆள் தனியாகத் தெரிந்தார். "அது அவருடைய தப்பு, என்னுடையது இல்லை" என்றார் அம்மா. சரிதான்.

கௌபாய் பாட்டுகள் மட்டும் அவருக்கு ஆகாது. மெம்ஃபிஸுக்கு மேற்கே போனதே இல்லை, குதிரையைப் பற்றி எனக்கென்ன என்று ஒதுக்கிவிட்டார். அந்தப் பெட்டியை எங்கள் டெக்சஸ்காரர் எடுத்துக்கொண்டார். டெக்சஸ் இசைக்குழுத் தலைவர் பாப் வில்ஸைக் கண்டுபிடிக்க யாரும் தேவையில்லை, பாட்டுக்கு நடுவில் "ஆ...ஹா!" என்று அவர் போடுகிற கூச்சலே கையெழுத்து.

பாடகி கிட்டி வெல்ஸ் வந்தபோது மட்டும் முள்ளை எடுக்க விடவில்லை. 1952இல் வந்த 'இட் வாஸன்ட் காட் ஹூ மேட் ஹாங்கி டாங்க் ஏஞ்சல்ஸ்' என்ற அந்தப் பாட்டு, ஆண்கள் பெண்களைக் குறை சொல்லிப் பாடிய ஒரு ஹிட்டுக்குப் பதில் பாட்டு. பில்போர்ட் என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் தனியாகப் பாடிய ஒரு பெண் முதல் இடத்துக்கு வந்தது அப்போதுதான். முழுவதையும் ஓடவிட்டுக் கூடவே பாடினார். பீர்க் கடைகளில் அந்தத் தட்டு தேய்ந்து தேய்ந்து அப்பா மாற்றிக்கொண்டே இருந்தாராம்.

டொரோன்டோ உறைகள் இங்கேதான் கைகொடுத்தன. சொல்லச் சொல்ல அவரே பென்சிலால் உறையில் எழுதினார், அழகான சாய்வெழுத்து. இடையில் ஒரு 45, நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றுகிற சின்னத் தட்டு, வந்தது. முள் இறங்கியதும் "ஜிம் ரீவ்ஸ், ஸ்டுடியோ பி, பியானோ ஃபிளாய்ட் கிராமர்" என்றார். ஸ்டுடியோ பி நாஷ்வில் ஒலிப்பதிவுக்கூடம், பாட்டு 'ஹீ'ல் ஹேவ் டு கோ'. முதலில் அது பி பக்கமாக, அதாவது தட்டின் பின்பக்கமாகத்தான் வெளிவந்தது, வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டதால்தான் உலகத்துக்கே தெரிந்தது. அவருக்கும் அது தெரியும், "லேபிள் போனதும் நல்லதுதான், அந்த முன்பக்கத்தை யாரும் கேட்கவில்லை" என்றார். நான் சிரிக்கவில்லை. அது என் அப்பா கொழும்பில் வாங்கியது. ஜிம் ரீவ்ஸ் 1964இல் நாற்பது வயதில், தானே ஓட்டிய சின்ன விமானத்தில், இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பிரென்ட்வுட் அருகே புயல் மழைக்குள் விழுந்து இறந்தவர். அதற்குப் பிறகும் பல வருஷம் எங்கள் தெருவில் அவர் உயிரோடுதான் இருந்தார், கிறிஸ்துமஸ் வந்தால் சைவக்காரர் வீட்டிலும் அந்தக் குரல் கேட்கும். இதை நான் அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கவே இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் பென்சிலை என் பக்கம் தள்ளினார். "இதற்கு நீயே எழுது ஹனி."

எழுதினேன். தமிழில்தான்.

காசும் சாமானும் தந்தவர்கள் இதைப் படித்துவிட்டு, கேக் கொண்டுவந்த அம்மாவுக்குத்தானா இவ்வளவு என்று கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும். நீங்கள் தட்டுகளைக் காப்பாற்றினீர்கள், அவர் அவற்றுக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்தார். இனிமேல் எங்கள் சனிக்கிழமைகளில் ஒரு சட்டம்: பாட்டு ஓடி முடியும் வரை யாரும் பெயர், வருஷம், ஸ்டுடியோ எதையும் சொல்லக் கூடாது. முதலில் கேட்பது, அப்புறம் சண்டை. கடைசி நாற்காலியையும் முன்னால் இழுத்துப் போட்டுவிட்டேன், அவர் திரும்பப் பின்னால் கொண்டுபோய்விட்டார், அது வேறு விஷயம்.

இன்னொன்று. என்னிடம் இரண்டு பிரதி இருப்பதெல்லாம் இனி உங்களுக்கு. ரே பிரைஸ் ஒன்றும் பாடகி பேட்ஸி கிளைன் ஒன்றும் கூடுதலாக இருக்கின்றன, உறையில் அம்மாவின் எழுத்தோடு வரும். முதலில் கேட்பவருக்கு முதலில். சென்னைக்காரர் ஏற்கெனவே பேட்ஸி கிளைனுக்குத் துண்டு போட்டுவிட்டார், மற்றவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். தபால் செலவு என்னுடையது, அதில் வாதம் வேண்டாம்.